லூர்து கையை எடுத்துக்கொண்ட மூன்று தடவை

எங்கள் ஜெப வீட்டுக்கு இந்த ஆண்டு பதினைந்து நிறைகிறது. அதற்கு ஒரு விழா மலர் போடுகிறார்கள். அதில் லூர்துவின் வாழ்க்கையை யார் எழுதுவது என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள்? அரியமங்கலத்து அரிசி மில்லில் அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான். அவரைத் தேடி வந்த ஜனங்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று ஓடு போட்ட இடம் கட்டிக் கொடுத்தவன் நான். கடைசியில் அவர் நெற்றியில் எண்ணெய் வைத்தவனும் நான்தான்.

இரண்டு மாதமாக எழுதுகிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

நான் யார் என்று தெரியாமல் அவர் கதை விளங்காது. அதனால் என்னைப் பற்றி நாலு வரி. என் பெயர் பிச்சமுத்து. மணப்பாறைக்கு மேற்கே ஒரு வறண்ட ஊரில் பிறந்தேன். இரண்டாம் வகுப்போடு படிப்பு சரி. பன்னிரண்டு வயதில், சந்தையில் மாடு வாங்கித் திரும்பியவர்களோடு நடந்தே திருச்சிராப்பள்ளி வந்து சேர்ந்தேன். மில்லில் உமி அள்ளினேன். உமி அள்ளிக்கொண்டே இன்ஜினைக் கவனித்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து வருஷத்தில் அந்த இன்ஜின் விடுகிற மூச்சை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லுவேன். கோட்டுப் போட்ட இன்ஜினியர்கள் மெட்ராஸிலிருந்து வந்து என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருக்கிறார்கள். முப்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். முப்பத்தொன்றில் வேதப் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன். இன்று அந்த மில் என் பெயரில் இருக்கிறது. இதை எழுதுவதும் என் கைதான். ஒற்றுப் பிழையை மட்டும் ஒரு வாத்தியார் பார்த்துக் கொடுத்தார். விஷயத்தில் அவரைக் கை வைக்க விடவில்லை.

லூர்து பாலக்கரைப் பிள்ளை. பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா பார வண்டி ஓட்டினார். இருபத்தாறாம் வருஷம் நான் மில்லில் மேஸ்திரியாக இருந்தபோது வேலை கேட்டு வந்தார். ஒல்லி உடம்பு, சன்னக் குரல். அப்போதெல்லாம் நான் அவரை அவன் இவன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு எண்ணெய் விடுகிற வேலை கொடுத்தேன்.

மில்லுக்குள் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே உத்தரத்தை ஒட்டி நீளமாக ஒரு இரும்புத் தண்டு ஓடும். ஷாப்ட் என்போம். இன்ஜின் அதைச் சுற்றும். அதிலிருந்து பெல்ட்டுகள் இறங்கிக் கீழே உள்ள மெஷின்களை ஓட்டும். தண்டு உட்கார்ந்து சுற்றுகிற ஒவ்வொரு இடத்திலும் எண்ணெய் விட வேண்டும். இன்ஜினை நிறுத்திய பிறகு ஏணி போட்டு ஏறி விடுவார்கள். மற்ற ஆட்கள் ஏறுவார்கள், குப்பியைக் கவிழ்ப்பார்கள், இறங்குவார்கள். லூர்து அப்படி இல்லை. முதலில் அந்த இரும்பின் மேல் உள்ளங்கையை வைப்பார். வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். சூடாக இருந்தால் விட மாட்டார், ஆறட்டும் என்பார். ரொம்பச் சூடாக இருந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது என்று கழற்றித் துடைப்பார். நான் கீழேயிருந்து கத்துவேன். மேலேயிருந்து பதில் வரும்.

“சூட்டுல விட்டா எண்ணெய் நிக்காது மேஸ்திரி. வழிஞ்சுதான் போவும். செத்த இருங்க.”

அவர் அப்படிப் பார்த்துப் பார்த்து விட்ட ஐந்து வருஷத்தில் ஒரு பெல்ட் அறுந்ததில்லை. அந்தப் பெயர் எனக்குத்தான் வந்தது. மேஸ்திரி நான்தானே.

இன்ஜின் அறைக்கு வெளியே மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். இன்ஜினைக் கிளப்புகிறவன் அதை மூன்று தரம் அடித்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். ஏணியில் இருக்கிறவன் இறங்கிவிடுவதற்காக. இது எங்கள் முதலாளி ஜெகபர் சாதிக் ராவுத்தர் போட்ட சட்டம்.

முப்பத்தொன்றாம் வருஷம் சித்திரை மாதம், ஒரு நடுப்பகல். கூட்ஸ் ஷெட்டுக்கு அரிசி போக வேண்டும். வெளியே வண்டிக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் நின்றிருந்தது. லூர்து மேலே போய் நேரமாகியிருந்தது. நான் மணி அடிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். அடித்தால் ‘செத்த இருங்க மேஸ்திரி’ என்று குரல் வரும், இன்னும் கால் மணி நேரம் போகும் என்று எனக்குத் தெரியும். இதற்குள் இறங்கியிருப்பான் என்று நானே சொல்லிக்கொண்டு கிளப்பிவிட்டேன்.

வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன.

ராவுத்தர் விசாரித்தார். நான் மணி அடித்தேன் என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். “அவன் ஏணியில நின்னுகிட்டே கண்ண மூடி ஜெபம் பண்ணுவாங்க. அதுல அசந்துட்டான்” என்று சேர்த்துச் சொன்னேன். ராவுத்தர் ஆஸ்பத்திரிக்குப் போய் லூர்துவிடம் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். மணி கேட்டதா என்றார். லூர்து என்னைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையைத்தான் பார்த்தார்.

“எனக்குக் கேக்கலைங்க ராவுத்தரே.”

அவ்வளவுதான் சொன்னார். ராவுத்தர் பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினார். அசந்தவனுக்கு எப்படிக் கேட்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். லூர்துவுக்கு விஷயம் தெரியாது என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில்தான் அவருக்கு அபிஷேகம், அதாவது கை வைத்துக் குணமாக்குகிற வரம், கிடைத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். நடந்தது இது. கை சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறிக் கிடந்தார். வார்டு வார்டாகப் போய் வேதம் வாசிக்கிற வயதான அம்மாள் ஒருத்தி வந்தாள். யாக்கோபு நிருபத்தில் வியாதியஸ்தனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கிற இடத்தை வாசித்தாள். பிறகு, நேற்று மருமகளுக்குச் சோறு போடாமல் பட்டினியாகப் படுக்க வைத்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒரு சொட்டு நல்லெண்ணெயை அவர் நெற்றியில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்த லூர்துவின் தாயார் நெற்றியில் எண்ணெயைப் பார்த்ததும் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே போட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாளாம். அவர்கள் சபையில் சாகப்போகிறவனுக்குத்தான் எண்ணெய். அவஸ்தைபூசுதல் என்பார்கள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து, அம்மா நான் சாகலை, கஞ்சி போச்சே என்று சொன்ன பிறகுதான் அடங்கினாள்.

அன்றைக்கு என்ன வந்தது என்று பின்னால் நானே கேட்டிருக்கிறேன். தீ வந்ததா, காற்று வந்ததா, அந்நிய பாஷை வந்ததா?

“ஒண்ணும் வந்த மாதிரி தெரியலைண்ணே. எங்கேயோ ஒரு எடம் காலியான மாதிரி இருந்துச்சு.”

கை ஆறி வந்தவருக்கு ஷாப்ட் வேலை கொடுக்கவில்லை. களத்தில் நெல் காய வைக்கிற இடத்தில் கூட்டுகிற வேலை. சம்பளம் பாதி. நான் நிலைமையைச் சமாளித்த விதம் ராவுத்தருக்குப் பிடித்துப்போய் எனக்கு மில்லில் பங்கு கொடுத்தார்.

களத்தில் கூலிக்கு வந்த ஒரு பெண்ணுக்குத் தலை சுற்றல். லூர்து கூட்டுமாற்றைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து ஜெபித்தார். அவள் சரியானாள். அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். அடுத்த மாதம் பொன்மலையிலிருந்து ரயில்வே ஆட்கள், சங்கு ஊதியதும் கரி படிந்த சட்டையோடு சைக்கிளில் வந்து இறங்கினார்கள்.

அவர் முறை ஒரே முறைதான். வியாதியஸ்தர் தரையில் என்றால் அவரும் தரையில். முதலில் தன் தப்பு ஒன்றைச் சொல்லுவார். அந்த ஆஸ்பத்திரி அம்மாளிடம் கற்றது. நேத்து என் சம்சாரத்த வஞ்சேன், காலையில பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டும் கேக்காத மாதிரி வந்துட்டேன், இப்படி. அது இல்லாமல் யார் நெற்றியிலும் அவர் எண்ணெய் வைத்ததில்லை. பிறகு மூன்று விரல் கையை அவர்கள் தலையில் வைப்பார். வைத்துக்கொண்டு சும்மா இருப்பார், ஷாப்ட்டில் வைத்த மாதிரியே. அந்தச் சும்மா இருக்கிறதைத்தான் ஜனங்களால் தாங்க முடியாது. தாங்களாகவே ஏதாவது சொல்லி அழ ஆரம்பிப்பார்கள். அழுது முடித்ததும் எண்ணெய். வீட்டில் எந்த எண்ணெய் இருக்கிறதோ அது. டாக்டரிடம் போகாதே என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. சொஸ்தமாகிவிட்டாய் என்றும் சொன்னதில்லை.

சொஸ்தமானவர்களும் உண்டு, செத்தவர்களும் உண்டு. பொன்மலை பாய்லர் ஷாப் நல்லதம்பியின் தாயார் செத்துத்தான் போனாள். ஆனால் பேசாமல் இருந்த மருமகளை எட்டு வருஷம் கழித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் செத்தாள். அதற்குப் பிறகு நல்லதம்பி ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை.

முப்பத்துநாலில் நான் மில்லுக்குப் பக்கத்திலேயே ஜெப வீடு கட்டினேன். ஓடு, சிமெண்டுத் தரை, இருநூறு பேர் உட்காரலாம். திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் என் உழைப்பு. பிரசங்கம் நான்தான் செய்வேன். என் குரல் கடைசி வரிசைக்கும் போகும். வசனம் மனப்பாடம். ஆனால் பிரசங்கம் முடிந்ததும் ஜனங்கள் என்னைத் தாண்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற களம் கூட்டுகிறவரிடம் போவார்கள். என்னை ஒருத்தர்கூட, எனக்குக் கை வைத்து ஜெபியுங்கள் என்று கேட்டதில்லை. வாரா வாரம் இதைப் பார்த்தேன். எனக்கும் அந்த அபிஷேகம் வேண்டும் என்று தோன்றியது. ஆசை என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. மில்லுக்காகக்கூட நான் அவ்வளவு ஏங்கியதில்லை.

கூட்டம் நடத்த வெளியூர்ப் போதகர் ஒருவரை வரவழைத்தேன். மூன்று நாள் பந்தல். வரிசையாகத் தலையில் கை வைத்தார். என் இரண்டு பக்கமும் ஆட்கள் விழுந்தார்கள். எனக்கு வியர்த்தது, அவ்வளவுதான். பெற்றுக்கொண்டீர்கள் ஐயா என்று அவர் சொன்னார். பெற்றிருந்தால் எனக்குத் தெரியாதா? இன்ஜின் பிடித்துக்கொண்டதா இல்லையா என்று தெரியாதவனா நான்?

அதனால் லூர்துவிடமே போனேன். முப்பத்தாறாம் வருஷம். ஜெப வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். உனக்குக் கொடுத்ததை எனக்கும் கேட்டு வாங்கிக் கொடு என்று அவர் முன்னால் மண்டி போட்டேன். எனக்குச் சோறு போட்டு வளர்த்தவர்கள் முன்னால்கூட நான் மண்டி போட்டதில்லை. அவர் தன் தப்பு ஒன்றைச் சொன்னார். என் தலையில் கையை வைத்தார். சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். மூன்று விரலும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இல்லாத இரண்டும் தெரிந்தன. ரொம்ப நேரம் கழித்துக் கையை எடுத்துக்கொண்டார்.

“இன்னைக்கு இல்லண்ணே.”

இரண்டாம் தடவை முப்பத்தெட்டில். இருபத்தொரு நாள் இளநீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்தேன். அரியமங்கலத்தில் அப்படி இருந்தவன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடைசி நாள் போய் உட்கார்ந்தேன். அவர் கை வைத்தார், எடுத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

பொறாமைப்படுகிறான் என்று நினைத்தேன். அப்படியே கமிட்டியிலும் பேசினேன். கமிட்டியில் பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள். அவர்கள் பேச்சு எல்லாம் வேலைத்தலத்துப் பேச்சு. ஒருவர் லீவில் போனால் அடுத்தவர் ஆக்டிங், ஒருவர் ரிடையர் ஆனால் சார்ஜ் ஒப்படைப்பு. எனக்கும் அந்தக் கணக்கு நியாயமாகப் பட்டது. லூர்துவுக்கு இருமல் இருந்தது. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? இடத்தைக் கட்டினவன், ஆரம்பத்திலிருந்து இருப்பவன், எனக்கு அவர் சார்ஜ் ஒப்படைக்க வேண்டாமா? கமிட்டியிலேயே கேட்டுவிட்டேன்.

நல்லதம்பி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். “அபிஷேகமும் சீனியாரிட்டிப்படிதானா மேஸ்திரி? அப்ப எங்க ஷாப்புல காவக்காரத் தாத்தாதான் அப்போஸ்தலன். வெள்ளக்காரத் தொரைக்கே அவரு சீனியர்.”

எல்லோரும் சிரித்தார்கள். லூர்து சிரிக்கவில்லை. வாங்கண்ணே என்று எழுந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அது மூன்றாம் தடவை. நாற்பத்தொன்று. கை வைத்தார். எடுத்துக்கொண்டார்.

“இன்னும் சூடா இருக்குண்ணே. இப்ப வச்சா நிக்காது.”

வீட்டுக்கு வந்து என் சம்சாரம் இருசம்மாளிடம் அவரைத் திட்டித் தீர்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். விபத்து நடந்த அன்றைக்கே, சாப்பாடு இறங்காமல் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் திட்டையெல்லாம் கேட்டுக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவரு என்னத்துக்குக் கைய வச்சு வச்சு எடுக்கறாருன்னு நெசமாவே உங்களுக்கு வெளங்கலையா?”

விளங்கியது. அன்றைக்கு விளங்கியது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் எனக்கு இருந்தது.

அதில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். நாற்பத்திரண்டு, ஆனி மாதம். ஸ்ரீரங்கத்தில் ரெங்கம்மாள் என்று ஒரு பூக்காரி. கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற குடும்பம். வலது கை தோளிலிருந்து தூக்க முடியாமல் போய்விட்டது. எங்கள் களத்து ஆள் ஒருத்தி சொல்லி, லூர்துவைக் கூப்பிட்டனுப்பியிருந்தாள். அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நான் என் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டிப் போனேன். அடையவளைஞ்சான் தெருவில் சின்ன வீடு. ரெங்கம்மாள் வாய் ஓயாத மனுஷி. உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள், எங்க ரெங்கநாதர விட்டுட்டு வரச் சொல்லாதீங்க, கைக்கு மட்டும் பாருங்க என்று. லூர்து, நான் ஒண்ணும் விடச் சொல்லலைம்மா என்றார். எத்தனை நாளில் கை சரியாகும் என்று நான் அவரைக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்.

“எங்க பெருமாளுக்குத் தைலக்காப்பு சாத்தினா ஒரு மண்டலத்துக்குத் திருவடியக் காட்ட மாட்டாங்க சாமி. நீங்க என்ன, எண்ணெய் வைக்கறதுக்கு முந்தியே நாளு கேக்கறீங்க?”

லூர்து சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு தன் முறைப்படி, தன் தப்பைச் சொல்ல ஆரம்பித்தார். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் நாலடிகூட இல்லை.

“எனக்கு ஒருத்தர் மேல பதினோரு வருஷமா மனக்கசப்பு இருக்கும்மா. தினம் எறக்கி வைக்கறேன். தினம் இந்தக் கையப் பாத்ததும் திரும்ப ஏறிக்கிது. அவரு ஒரு வார்த்தை சொன்னாருன்னா எறங்கிரும்னு தோணுது. அவரு சொல்லாட்டியும் நான் எறக்கணும். முடியல. இதான் என் தப்பு.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. ரெங்கம்மாள்தான் அவர் கையைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தாள். பூ விற்கிறவளுக்கு முகம் பார்க்கத் தெரியாதா? நான் தெருப்பக்கம் திரும்பி, குதிரை என்ன செய்கிறது என்று பார்த்தேன். குதிரை ஒன்றும் செய்யவில்லை. நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் காற்று நன்றாக அடித்தது. வண்டியில் நாங்கள் இருவர் மட்டுமே. பாலம் எவ்வளவு நீளம் என்று அதில் போனவர்களுக்குத் தெரியும். அந்த நீளம் முழுவதும் நான் மில்லுக்கு வாங்கப்போகிற, நெல் உரிக்கிற புது ஹல்லரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். அவர் சரிண்ணே, சரிண்ணே என்று கேட்டுக்கொண்டு வந்தார். ரெங்கம்மாளுக்கு ஆடி கழிந்து கை பாதி தூக்க வந்தது என்று கேள்வி.

நாற்பத்துநாலாம் வருஷம் மாசியில் அவருக்கு விஷக்காய்ச்சல். டாக்டர் வந்து பார்த்துவிட்டு இனி நம் கையில் இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆராதனை முடிந்து ஜெப வீட்டார் இருபது பேர் அவர் வீட்டில் கூடியிருந்தோம். யார் எண்ணெய் வைப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார்.

“அண்ணே, நீங்க வைங்க.”

பத்து வருஷமாக நான் ஏங்கிய வார்த்தை. எல்லோர் முன்னாலும் அவர் வாயாலேயே வந்தது. அவர் மனைவி சவேரியம்மாள் கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணெய் வைக்கிறவன் முதலில் தன் தப்பைச் சொல்ல வேண்டும். எல்லோரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். இதைத்தான் அவர் எனக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் போதும்.

சுற்றிலும் பார்த்தேன். நல்லதம்பி நின்றார். நான் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் பண்ணின ஆட்கள் நின்றார்கள். என் மில்லில் சம்பளம் வாங்குகிறவர்கள் நின்றார்கள்.

“நான் கோபக்காரன். போன வாரம் நெல் அளக்கிற ஆள அடிக்கக் கை ஓங்கிட்டேன். அது தப்பு” என்றேன்.

சிலர் தலையை ஆட்டினார்கள். லூர்து என்னையே பார்த்தார்.

“வேற?”

“அவ்வளவுதான்.”

மூன்று விரல் கையை மெதுவாகத் தூக்கி, எண்ணெய் தொட்டிருந்த என் கையின் மேல் வைத்தார். காய்ச்சலில் கொதித்தது. அது கனமே இல்லாமல் இருந்தது. அவர் நெற்றியில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். அந்த விபத்துக்குப் பிறகு ராவுத்தர் மில்லில் இன்னொரு சட்டம் போட்டிருந்தார். மணி அடித்தால் மட்டும் போதாது, ஏணியில் இருப்பவன் இறங்கி ‘ஆச்சு’ என்று குரல் கொடுத்த பிறகுதான் இன்ஜின். கண்ணை மூடியபடியே லூர்து கேட்டார்.

“ஆச்சாண்ணே?”

“ஆச்சு” என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவர் போய்விட்டார்.

அவர் கை என் கையின் மேல் இருந்ததை இருபது பேர் பார்த்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் ஜனங்கள் என்னைத் தாண்டிப் போகவில்லை. முதலில் வந்து தலையைக் குனிந்தவர் நல்லதம்பி. சீனியாரிட்டி என்று சிரித்தவர்தான். லூர்து உங்களுக்கு ஒப்படைச்சுட்டுப் போயிட்டாருங்க என்றார். அன்றிலிருந்து ஐந்து வருஷமாக நான் எண்ணெய் வைக்கிறேன். லால்குடியிலிருந்தும் துவாக்குடியிலிருந்தும் வருகிறார்கள். சிலர் சொஸ்தமாகியிருக்கிறார்கள். அதில் பொய் இல்லை, பெயர் சொல்லிக் காட்டுவேன். எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒன்றும் இல்லை என்பது எனக்கு நிச்சயம். முறைப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு தப்பைச் சொல்கிறேன். சின்னச் சின்னத் தப்புகள் என்னிடம் தீரவே இல்லை.

இதைவிட ஒன்று உண்டு. நான் ராவுத்தரிடம் சொன்ன பொய், லூர்து ஏணியில் ஜெபம் செய்தார் என்பது, இத்தனை வருஷத்தில் நல்ல கதையாகிவிட்டது. ஜெபத்தில் தன் கையையே மறந்தவர் என்று வெளியூர்ப் போதகர்கள்கூடச் சொல்லி ஜனங்களை அழ வைக்கிறார்கள். மலரில் அதை முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று கமிட்டி கேட்டுக்கொண்டது. முதல் இரண்டு தடவையும் அப்படியே எழுதினேன். வாத்தியார் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் கிழித்தேன்.

போன வாரம் சவேரியம்மாள் வீட்டுக்குப் போனேன். இட்லிக்கு ஊற வைத்துக்கொண்டிருந்தாள். இட்லி விற்றுத்தான் பிழைப்பு. உட்காருங்க என்று மணை போட்டாள். மணி அடிக்கவில்லை என்பதைச் சொன்னேன். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் உளுந்தைக் களைந்துகொண்டே இருந்தாள்.

“தெரியும். தெனம் சாயங்கால ஜெபத்துல, பிச்சமுத்து அண்ணன் மேல இருக்கற கசப்ப எடுத்துப்போடும் ஆண்டவரேன்னு கேப்பாரு. சாவற வரைக்கும் கேட்டாரு.”

ஆண்டவர் எடுத்துப்போட்டாரா என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“அத நீங்க அவருகிட்டல்ல கேட்டிருக்கணும்.”

தண்ணீரை வடித்துவிட்டு அவளே மறுபடி சொன்னாள்.

“எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது. அவரு அசந்து போயி கையக் குடுத்தாருன்னு ஊரெல்லாம் பேசுது. ஷாப்ட்டு மேல கை வச்சாருன்னா அவரு அசர மாட்டாரு. உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத்தான் தெரியாது.”

உளுந்துக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினாள். நானே எழுந்து வந்தேன்.

இதை மலரில் போடச் சொல்லிக் கமிட்டிக்குக் கொடுக்கிறேன். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. அச்சாகி வருவதற்கு முன்னால், வருகிற வெள்ளிக்கிழமை நானே எழுந்து நின்று வாசிக்கப் போகிறேன். என் குரல் கடைசி வரிசைக்கும் போகும். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் தலை குனிய வராமல் போகலாம். அது அவர்கள் இஷ்டம். எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் அன்றைக்குச் சவேரியம்மாள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். அவள் வாங்குவாளோ மாட்டாளோ.

லூர்து அன்று ஏணியில் ஜெபம் செய்யவில்லை. வேலை செய்துகொண்டிருந்தார்.